சுகம் கிடைக்காதவரின் சாட்சி: டோனாவூர் ஏமி கார்மைக்கேல்

1931-ஆம் ஆண்டு ஒரு மாலை. திருநெல்வேலிப் பக்கம் களக்காட்டில் சிறிய மருந்தகம் ஒன்று தொடங்குவதற்காக எடுத்திருந்த வீட்டைப் பார்க்கப் போனார், டோனாவூரில் குழந்தைகள் இல்லம் நடத்திவந்த அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேல். கழிப்பறைக்கென்று தோண்டிய குழி, இருக்கக் கூடாத இடத்தில் இருந்தது. பொழுது சாய்ந்துவிட்டதால் அது அவர் கண்ணில் படவில்லை. விழுந்தார். கால் எலும்பு முறிந்தது, கணுக்கால் பிசகியது. அப்போது அவருக்கு வயது 63. சில வாரங்களில் எழுந்து நடந்துவிடுவார் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் 1951 ஜனவரி 18-ஆம் தேதி இறக்கும்வரை, கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள், பெரும்பாலும் ஒரே அறையில் கட்டிலோடுதான் இருந்தார்.

கஷ்ட காலத்தில் கிறிஸ்தவ விசுவாசம் ஒருவரை எப்படித் தாங்குகிறது என்று கேட்டால், நாம் உடனே எடுத்துச் சொல்லும் கதைகள் சுகமானவர்களுடையவை. அவை பொய்யில்லை. ஆனால் அவற்றிலிருந்து தெரிந்துகொள்ளக் கூடியது குறைவு. வலி போனபிறகு நன்றி சொல்வது யாருக்கும் இயல்புதான். வலி போகாத இடத்தில் விசுவாசம் என்ன செய்கிறது என்பதுதான் கடினமான கேள்வி. அதற்கு, நன்றாகப் பதிவான, நம் மண்ணிலேயே நடந்த நிகழ்வு இது. அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன்.

விழுவதற்கு முன்

ஏமி 1867-ல் வட அயர்லாந்தின் மில்ஐல் கிராமத்தில் பிறந்தவர். அப்பா மாவு ஆலை நடத்தியவர்; மகளுக்குப் பதினெட்டு வயதாகும் முன்பே இறந்துபோனார். ஏமி பெல்ஃபாஸ்டில் ஆலைத் தொழிலாளிப் பெண்களிடையே வேலை செய்தார், ஜப்பானில் ஓராண்டுக்கு மேல் இருந்தார், உடம்பு முடியாமல் திரும்பினார், 1895-ல் இந்தியா வந்தார். அப்புறம் 55 ஆண்டுகள் ஒருமுறைகூட ஊர் திரும்பவில்லை. நரம்பு வலி இளமையிலிருந்தே அவருக்கு உண்டு. கட்டில் நோயாளியாவதற்கு முன்பே நோயாளிதான் என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

திருநெல்வேலியில் மிஷனரி தாமஸ் வாக்கர் ஐயரிடம் தமிழ் படித்தார். 1901-ல் பிரீனா என்ற ஏழு வயதுச் சிறுமி, கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த நிலையில் தப்பி அவரிடம் வந்து சேர்ந்தாள். அந்தக் குழந்தையிலிருந்துதான் டோனாவூர் வேலை தொடங்கியது. ஊர் என்னவோ பழையது. 1820-களில் மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில், பிரஷ்ய நாட்டு டோனா பிரபு கொடுத்த பணத்தால் அமைந்த கிறிஸ்தவக் குடியிருப்பு. 1913 வாக்கில் ஏமியின் பராமரிப்பில் 130 பெண் பிள்ளைகள் இருந்தார்கள். 1918 முதல் ஆண் பிள்ளைகளும் வந்தார்கள். பெண் பிள்ளைகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சென்னை மாகாணம் சட்டம் போட்டுத் தடுத்தது 1947-ல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், அவர் எவ்வளவு முன்னால் இந்த வேலையில் இறங்கினார் என்பது புரியும்.

இந்த நிகழ்வில் நான் முக்கியமாக நினைப்பது 1931-க்கு முந்தைய சாவுகளை. தொடக்க ஆண்டுகளில் கைக்குழந்தைகள் பலர் இறந்தார்கள். தாய்ப்பால் இல்லாத குழந்தைகள். அந்தக் காலத்துப் பால், அந்தக் காலத்து மருத்துவம். இந்திரநீலா என்று அவர் பெயர் வைத்துச் சீராட்டிய குழந்தை அவர்களில் ஒருத்தி. 1912-ல் வாக்கர் ஐயர் எதிர்பாராமல் இறந்தார். அடுத்த ஆண்டு ஏமியின் தாயார். 1915-ல் பொன்னம்மாள்.

பொன்னம்மாளைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இளம் விதவையாகப் புகுந்த வீட்டில் அடைபட்டுக் கிடந்து, பின் ஏமியோடு சேர்ந்தவர். குழந்தைகள் இல்லத்தின் அன்றாடச் சுமை முழுவதும் அவர் தோளில்தான். வெள்ளைக்கார மிஷனரியின் பெயர் வெளியே தெரிந்தது. வீட்டை நடத்தியவர் பொன்னம்மாள். அவருக்குப் புற்றுநோய் வந்தது. அறுவைச் சிகிச்சை செய்தார்கள். சுகத்துக்காகக் கூடி ஜெபித்தார்கள். அப்படி ஒரு நாள் கட்டிலைச் சுற்றி நின்று ஜெபித்தபோது, வெற்றிக்கு அடையாளமாக ஓர் ஓலையைக் கட்டிலின் குறுக்கே வைத்தார்கள். அந்த நாளிலிருந்து அவருக்கு வலி கூடியது. இதை எழுதி வைத்தவர் ஏமிதான். மறைக்கவில்லை, "எங்கள் விசுவாசம் போதவில்லை" என்று விளக்கமும் கட்டவில்லை. ஜெபித்தோம், ஓலை வைத்தோம், வலி கூடியது, பொன்னம்மாள் இறந்தார்.

நம் ஊரில் எத்தனை வீடுகளில் இது நடந்திருக்கிறது! டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்து, புத்தாண்டுக்கென்று ஒரு வேத வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறோம். சுகம் தருவேன் என்ற வசனம் விழுந்த அட்டை பீரோ கண்ணாடியில் ஒட்டப்பட்டிருக்கும். மார்ச் மாதம் அந்த வீட்டில் சாவு விழும். அதற்கப்புறம் அந்த அட்டையை என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. கிழிக்கவும் மனசு வராது, பார்க்கவும் முடியாது. ஏமி அந்த இடத்தை 1915-லேயே கடந்திருந்தார். ஆகவே தன் கால் முறிந்தபோது, கடவுளை நேசித்தால் கெட்டது வராது என்ற கணக்கு அவரிடம் மிச்சமில்லை. அந்தக் கணக்கு இல்லாததால் அது உடையவும் இல்லை.

அறை

முறிந்த கால் சரியாகக் கூடிவரவில்லை. மூட்டு வலியும் நரம்பு வலியும் சேர்ந்துகொண்டன, தூக்கம் கெட்டது. முன்பெல்லாம் பிள்ளைகளோடு மலையடிவாரக் காட்டுக்குப் போய் ஓடையில் நீந்தியவர். இப்போது பிள்ளைகள் அவரிடம் வர வேண்டியிருந்தது.

டோனாவூரில் ஒரு வழக்கம் உண்டு. பல பிள்ளைகளுக்குப் பிறந்த தேதி தெரியாது என்பதால், அவர்கள் அங்கே வந்து சேர்ந்த நாளைக் கொண்டாடுவார்கள். அந்த நாளில் அம்மாவின் கையெழுத்தில் ஒரு சிறு வாழ்த்து வரும். எல்லாரும் அவரை அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். வலியில் படுத்திருந்த ஆண்டுகளிலும் துண்டுச் சீட்டுகளாக, கடிதங்களாக அவர் எழுதிக்கொண்டே இருந்தார். சண்டை போட்டுக்கொண்ட ஊழியர்களுக்கு, சோர்ந்துபோன நர்ஸுக்கு, படிக்கப் போன பிள்ளைக்கு. பத்துக்கு மேற்பட்ட புத்தகங்களும் அந்தக் கட்டிலிலிருந்து வந்தவைதான்.

சிலர் இதை ஒரு வீரக் கதையாகச் சொல்வார்கள்: பாருங்கள், படுத்த படுக்கையிலும் எவ்வளவு சாதித்தார் என்று. எனக்கு அந்தத் தொனி பிடிப்பதில்லை. கட்டிலில் கிடக்கும் எல்லாருக்கும் எழுத்து வராது. கவனிக்க வேண்டியது வேலையின் அளவை. நூற்றுக்கணக்கானோர் வாழும் ஒரு வளாகத்தை நடந்தே சுற்றிப் பார்த்தவர், ஒரு சீட்டு, ஒரு பெயர், நாலு வரி என்ற அளவுக்குத் தன் நாளைச் சுருக்கிக்கொண்டார். முடிகிற வேலையை வேலையாக மதித்தார். கை நடுங்கினால் அன்றைக்கு அதுவும் இல்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் நம்மிடையே குழப்பம் அதிகம். அவர் மருந்தைத் தள்ளவில்லை. டோனாவூரில் பரம சுகசாலை என்ற மருத்துவமனையே அவர் முயற்சியில் எழுந்தது. டாக்டர்களும் நர்ஸ்களும் அவரைக் கவனித்தார்கள். மாத்திரையை நிறுத்தினால்தான் விசுவாசம் என்று சொல்லும் கூட்டத்தார் இவரைத் துணைக்கு அழைக்க முடியாது.

நோயாளிக்கு நோயாளி எழுதியது

படுக்கையில் விழுந்த முதல் இரண்டு ஆண்டுகளில், உடம்பு முடியாமல் இருந்த நண்பர்களுக்கு அவர் கடிதங்கள் எழுதினார். அவை 1933-ல் நூலாக வந்தன. அந்தக் கடிதங்கள் பிறந்த காரணம்தான் இந்த ஆய்வின் மையம். அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நல்ல மனசோடு பலர் பக்திப் புத்தகங்களையும் துண்டுப் பிரசுரங்களையும் அனுப்பினார்கள். படித்துப் பார்த்தார்; உள்ளே இறங்கவில்லை. ஏன் என்று யோசித்தபோது ஒன்று புலப்பட்டது. அவை நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்கள் நோயாளிகளைப் பார்த்து எழுதியவை. சொன்னது உண்மைதான், ஆனால் சொன்னவர் நின்ற இடம் வேறு. ஆகவே வலி தன்னை விட்டுப் போகக் காத்திருக்காமல், அதற்குள் இருக்கும்போதே எழுதிவிட முடிவு செய்தார். சுகமானபின் எழுதினால் தானும் அந்த இன்னொரு கரையில் நின்று பேசுகிறவராகிவிடுவோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

வேதாகமத்தில் இதற்கு நேர் எதிரான காட்சி, பிள்ளைகளையும் சொத்தையும் உடல்நலத்தையும் இழந்த யோபுவின் நண்பர்கள். முதல் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். அதுவரை சரி. வாயைத் திறந்ததும் விளக்கம் சொல்லத் தொடங்கினார்கள்: நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், இல்லாவிட்டால் இப்படி வருமா? "நீங்கள் எல்லாரும் அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" என்று யோபு திருப்பிக் கொடுத்தான். ஆஸ்பத்திரி வார்டில் நோயாளியின் கட்டிலருகே நின்று, "எங்கேயோ பிசாசுக்குக் கதவு திறந்து கொடுத்திருக்கீங்க, யோசிச்சுப் பாருங்க" என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கேட்டுவிட்டு அவர்கள் போய்விடுவார்கள். நோயாளி இரவெல்லாம் யோசித்துக்கொண்டிருப்பார்.

ஏமியின் எழுத்தில் "ஏன் எனக்கு?" என்பதற்குப் பதில் இல்லை. பதில் கிடைத்துவிட்டதாக அவர் நடிக்கவும் இல்லை. அந்தக் குழி அங்கே தோண்டப்பட்டது ஒரு வேலையாளின் கவனக்குறைவு. அதற்குள் கடவுளின் ரகசியத் திட்டத்தைத் துருவித் துருவித் தேடுவதை விட்டுவிட்டு, இந்த வலியில் இன்றைக்கு எதை வைத்து நிற்பது என்று பார்த்தார்.

தாங்கியது எது

துன்பத்தில் மனிதன் சமாதானம் தேடும் வழிகளை அவர் ஒரு கவிதையில் வரிசையாகக் காட்டியிருக்கிறார். முதலில் மறந்துவிடப் பார்க்கிறான். பிறகு வேலைக்குள் தலையைப் புதைத்துக்கொள்கிறான். அதுவும் பலிக்காமல் எல்லாரையும் விட்டு ஒதுங்குகிறான். அப்புறம் வேறு வழியில்லை என்று பணிந்துபோகிறான். எதிலும் அமைதி வரவில்லை. கடைசியில் நடந்ததை ஏற்றுக்கொள்ளும்போதுதான் வருகிறது.

நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் என்ன வித்தியாசம் என்று பலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. "எல்லாம் என் தலையெழுத்து" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுப்பதும் ஒருவகையில் ஒத்துக்கொள்வதுதானே? என் பார்வையில், பணிந்துபோகிறவன் எதிரே யாரும் இல்லை என்று நினைக்கிறான். அல்லது இருப்பவர் தன்னைவிடப் பலசாலி, அவ்வளவுதான். ஏமியோ தனக்குத் தெரிந்த ஒருவர் கையிலிருந்து வாங்கிக்கொள்வதாக நினைத்தார். நடந்தது நல்லது என்று அவர் சொல்லவில்லை, கொடுப்பவர் நல்லவர் என்பதை விடாமல் பிடித்துக்கொண்டார். அந்த நம்பிக்கை இல்லாதவருக்கு இந்த ஏற்பு வெறும் தோல்வியாகத்தான் தெரியும். இதைக் கிறிஸ்தவ விசுவாசத்திலிருந்து பிரித்தெடுத்து, மன அமைதிக்கான பயிற்சியாக விற்க முடியாது என்று நினைக்கிறேன்.

அப்போஸ்தலர் பவுல் தன் உடம்பில் இருந்ததாகச் சொல்லும் முள்ளும் இதே இடத்தில்தான் வருகிறது. மூன்று தரம் கேட்டார், முள் எடுபடவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வந்தது. இந்த வசனத்தை நாம் காலண்டரில் அச்சடித்து மாட்டுகிறோம், ஆனால் அது "முடியாது" என்ற பதிலோடு சேர்ந்து வந்தது என்பதை மறந்துவிடுகிறோம்.

அப்புறம், அந்த ஏற்பு ஒரே நாளில் முடிந்த காரியமில்லை. வலி ஒவ்வொரு ராத்திரியும் திரும்பி வந்தது. ஏற்றுக்கொள்வதும் ஒவ்வொரு ராத்திரியும் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. 1948-ல் அறைக்குள்ளேயே மறுபடி விழுந்தார். மிச்சமிருந்த கொஞ்ச நடமாட்டமும் போயிற்று. அடுத்த ஆண்டு, தனக்குப் பின் எல்லாவற்றையும் நடத்துவார் என்று அவர் நம்பியிருந்த காட்ஃப்ரே வெப்-பெப்லோ இறந்துபோனார். 81 வயதில், எழுந்திருக்க முடியாத நிலையில், தன்னைவிட இளையவரின் சாவுச் செய்தியைக் கேட்க வேண்டியிருந்தது. பதினெட்டு வருடம் பழகிவிட்டால் துக்கம் லேசாகிவிடும் என்பதெல்லாம் வெளியே இருப்பவர்கள் சொல்வது.

எல்லாருக்கும் பொருந்துமா

பொருந்தாத இடங்களும் உண்டு. ஏமிக்கு வாடகை கட்ட வேண்டிய கவலை இல்லை, மகளின் கல்யாணக் கடன் இல்லை. அவர் நிறுவிய டோனாவூர் ஐக்கியம் யாரிடமும் பணம் கேட்பதில்லை என்ற கொள்கையோடு நடந்தது உண்மை, ஆனாலும் வந்துகொண்டிருந்தது. அவர் வளர்த்த பெண்களே அவரைப் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு அறை வீட்டில், கூலி வேலைக்குப் போகும் மருமகளின் கையை எதிர்பார்த்துக் கிடக்கும் பாட்டியிடம் போய் ஏமியைப் போல இருங்கள் என்று சொல்வது கொடுமை. அந்தப் பாட்டிக்கு வசனத்துக்கு முன்னால் தேவைப்படுவது, வாரத்தில் இரண்டு நாள் வந்து குளிப்பாட்டிவிட ஒரு ஆள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஏமி எளிதான மனுஷி இல்லை. தன் வழிதான் வழி என்று நிற்பவர். பின்னாளில் திருநெல்வேலிப் பேராயரான ஸ்டீபன் நீல், 1920-களில் டோனாவூருக்கு வந்து, அங்கே ஒத்துப்போக முடியாமல் வெளியேறினார். படுக்கையிலிருந்தும் ஏமியின் சொல்லே அந்த வளாகத்தின் கடைசிச் சொல்லாக இருந்தது. இதையெல்லாம் ஒளித்துவிட்டு அவரை மெழுகுச் சிலையாக்கினால் நிகழ்வின் பயனே போய்விடும். பிடிவாதக்காரியான ஒரு பெண், தன் கையை மீறிய ஒன்றை இருபது வருடம் ஏற்றுக்கொள்ளக் கற்றார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

இந்த நிகழ்வை வைத்து, நோயாளர் சந்திப்புக்குப் போகும் சபைக் குழுக்களிடம் நான் கேட்க விரும்புவது கொஞ்சம்தான். காரணம் சொல்லாதீர்கள். கர்த்தர் உங்களிடம் சொல்லாத தேதியை நீங்கள் நோயாளியிடம் சொல்லாதீர்கள். உட்கார நாற்காலி இருந்தால் உட்காருங்கள். நின்றுகொண்டே ஜெபித்துவிட்டுக் கிளம்புகிறவரைப் பார்த்தாலே, அவருக்கு அடுத்த வீடு காத்திருக்கிறது என்று நோயாளிக்குத் தெரிந்துவிடும். வாசிக்க வேதாகமத்தை எடுத்தால் 23-ஆம் சங்கீதத்தோடு, ஒருமுறை 88-ஆவதையும் வாசித்துப் பாருங்கள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை புலம்பல், முடிவில்கூட விடியவில்லை. அதுவும் ஜெபம் என்றே வேதாகமத்தில் இடம் பெற்றிருக்கிறது. தனக்கு இருக்கும் கோபத்தைக் கடவுளிடமே சொல்லலாம் என்று தெரியவரும்போது ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் நிம்மதி, பத்து வாக்குத்தத்தங்களால் கிடைக்காது.

சாட்சி வேளையைப் பற்றியும் ஒன்று. நம் சபைகளில் சுகமானவர்தான் மைக் பிடிக்கிறார். ஜெபித்தும் சுகமாகாதவர், ஆனாலும் விசுவாசத்தை விடாதவர், எந்தச் சபையிலும் ஒருவராவது இருப்பார். டயாலிசிஸுக்கு வாரம் மூன்று நாள் போகிறவர், பக்கவாதத்தில் ஒரு கை வராமல் போனவர், பிள்ளையைப் பறிகொடுத்தவர். அவரைக் கேட்டுப் பாருங்கள். வர முடியாவிட்டால் போனில் பதிவு செய்து வந்து போடுங்கள், அல்லது அவர் எழுதியதை வேறொருவர் வாசிக்கட்டும். முடிவைத் திருத்தி எழுதச் சொல்லாதீர்கள், "சீக்கிரம் சுகமாவார்" என்று ஆயர் கடைசியில் ஒட்டுப்போடவும் வேண்டாம். எந்த இடத்தில் அல்லேலூயா சொல்வதென்று தெரியாமல் சபை முதல் தடவை கொஞ்சம் தடுமாறும். தடுமாறட்டும். பின் வரிசையில் இருக்கும் யாரோ ஒருவர், தன்னைப் பற்றி இந்தச் சபையில் இப்போதுதான் முதல்முறையாகப் பேசுகிறார்கள் என்று நிமிர்ந்து உட்காருவார்.